ஜி.எச். சித்தா பிரிவும் என் வலது தோளும்: எட்டு மாத அனுபவம்

தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியாமல் தவிக்கிறவர்கள், அதிலும் சுகர் இருக்கிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 51. சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்கு ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரை போய் வந்ததைத்தான் எழுதுகிறேன். சித்தா பிரிவு என்று சொன்னாலும், அதே காம்பவுண்டில் இருக்கிற பிசியோதெரபி அறையையும் சுகர் பார்க்கிற அறையையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். மூன்றையும் பிரித்தால் எனக்கு எப்படிச் சரியானது என்று விளங்காது.

வலி ஆரம்பித்தது தீபாவளி சமயத்தில். அந்த மூன்று வாரமும் மெஷினை விட்டு எழுந்திருக்க நேரம் கிடையாது. வலது தோளில் குத்தல் வந்தபோது வேலை அதிகம், பண்டிகை முடிந்தால் போய்விடும் என்று இருந்துவிட்டேன். கார்த்திகை பிறந்தும் போகவில்லை. தைத்து முடித்த ஜாக்கெட்டை மேலே கம்பியில் மாட்ட முடியாமல் இடது கையால் மாட்டினேன். அப்புறம் தலை சீவ முடியவில்லை, கை முதுகுப் பக்கம் போகவில்லை, கொடியில் துணி காயப்போட முடியவில்லை. ராத்திரிதான் கொடுமை. தூக்கத்தில் வலது பக்கம் திரும்பிவிட்டால் எழுந்து உட்கார்ந்து விடியும் வரை கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

முதலில் போனது ஜி.எச்.சுக்கு இல்லை. முழு உடல் நலம், இயற்கை வாழ்வு என்று போர்டு போட்ட ஒரு தனியார் மையத்துக்குப் போனேன். 21 நாள் பேக்கேஜ், 18,000 ரூபாய். எண்ணெய் தேய்ப்பு, ஒரு பொடி, ஒரு சாப்பாட்டு அட்டவணை. அவர்கள் சொன்ன முதல் விஷயமே சுகர் மாத்திரையை நிறுத்து என்பதுதான். "இங்கிலீஷ் மாத்திரையோட கழிவுதான் தோள்ல வந்து தங்கியிருக்கு" என்றார்கள். சீனிதான் விஷம், கருப்பட்டி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். நம்பினேன். ஒரு நாளைக்கு மூன்று கருப்பட்டிக் காப்பி குடித்தேன். பதினேழாவது நாள் நாக்கு வறண்டு, கண் மங்கி, ராத்திரியில் ஐந்து தடவை எழுந்து போகிற நிலைமை. மகள் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுகர் 348. தோளிலும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் யாராவது உங்களிடம் "ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்து" என்பதிலிருந்து வைத்தியத்தை ஆரம்பித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தா பிரிவு என்றால் அதுவரை எனக்கு டெங்கு சமயத்தில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிற இடம், கொரோனா நேரத்தில் கபசுரக் குடிநீர் வாங்கின இடம், அவ்வளவுதான். எதிர்வீட்டு அத்தை முட்டி வலிக்கு அங்கே போய்க்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் ஜனவரி முதல் வாரம் போனேன். ஓ.பி. சீட்டு எடுத்து, எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் பின்பக்கம் போனால் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். வாசலில் ஒரு நொச்சி மரம்.

டாக்டர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1964இல் தொடங்கிய கல்லூரி அது, எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறையாக அங்கே வைத்தியத்துக்குப் போகிறவர்கள் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர்களை அவர் அனுப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. உட்கார்ந்திருந்த எரிச்சல் என் முறை வந்தபோது போய்விட்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், தோலைத் தொட்டுச் சூடு பார்த்தார், மலம் எப்படிப் போகிறது, சிறுநீர் எத்தனை தடவை என்று கேட்டார். என்னைப் பேசவிட்டுக் குரலைக் கவனித்தார். சித்த மருத்துவத்தில் இதற்கு எண்வகைத் தேர்வு என்று பெயராம். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு. கூட்டம் நிற்கிற அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எனக்காக இருபது நிமிஷம் செலவழித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு கேட்டார்: "அக்கா, சுகர் மாத்திரையை இடையில நிறுத்தினீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. "இன்னைக்கு ராத்திரியில இருந்து மறுபடி போடுங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வந்து ரத்தம் கொடுங்க. மூணு மாச சராசரியும் பாக்கணும்" என்றார். எனக்கு இருக்கிறது கும்பவாதம், வாத நோய் எண்பதில் ஒன்று, அலோபதியில் ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள், சுகர் உள்ளவர்களுக்கு அதிகமாக வரும் என்று சொல்லிவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "எலும்பு டாக்டர் பாத்து எக்ஸ்ரே எடுக்காம நான் கை வைக்க மாட்டேன்." உள்ளே எலும்பில் வேறு பிரச்சினையோ தசைநார் கிழிசலோ இருந்து, அது தெரியாமல் பிடித்துவிட்டால் ஆபத்து என்றார்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பு சுத்தமாக இருக்கிறது என்றார். கையை அவரே தூக்கிப் பார்த்தார், அவர் தூக்கினாலும் அதே உயரத்தில் நின்றது. "நாங்க தூக்கினாலும் நீங்க தூக்கினாலும் ஒரே இடத்துல நிக்குதுல்ல, அதான் அடையாளம்" என்றார். சுகர் அறையில் மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 9.4 என்று வந்தது. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் அளவைக் கூட்டினார்கள். இந்த மூன்று பேரும் எழுதினது என்னிடம் இருந்த ஒரே சுகர் நோட்டில். இடது பக்கம் சுகர் டாக்டர், வலது பக்கம் சித்தா டாக்டர், அடியில் பிசியோதெரபி தம்பி. ஒருவர் எழுதினதை அடுத்தவர் படித்துவிட்டுத்தான் என்னிடம் பேச ஆரம்பிப்பார். இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பத்து வருஷமாக டாக்டர்களிடம் போகிறேன், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டர் எழுதினதைப் படித்து நான் பார்த்ததே இல்லை.

சிகிச்சை திங்கள், புதன், வெள்ளி. பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறார். முதலில் தொக்கணம், அதாவது தைலம் தேய்த்துக் கையால் பிடித்துவிடுவது. வாத கேசரித் தைலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவார். நேரே அடுப்பில் வைப்பதில்லை. தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல் என்று ஒன்பது வகை இருந்தாலும் எனக்குச் செய்தது பிடித்தல், அழுத்தல், அசைத்தல் மூன்றும்தான். இழுத்தலும் முறுக்கலும் எனக்குக் கூடாது என்று டாக்டர் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். தனியார் மையத்தில் என் கையை முறுக்கின முறுக்கு நினைவுக்கு வந்தது.

அப்புறம் ஒற்றடம். வாசலில் பறித்த நொச்சி, தழுதாழை, ஆமணக்கு இலைகளை நறுக்கி எண்ணெயில் வதக்கி, துணியில் கிழியாகக் கட்டுவார். அந்தக் கிழி என் தோளுக்கு வருவதற்கு முன்னால் மூன்று கைகளைத் தொட்டது. முதலில் தெரபிஸ்ட் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு என் இடது கையில் வைத்து "சூடு தெரியுதா" என்பார். அப்புறம் வலது முழங்கைக்கு மேலே வைத்து மறுபடியும் கேட்பார். சுகர்காரர்களுக்கு உணர்ச்சி மந்தமாகி, சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அதனால்தான் இத்தனை தடவை என்று சொன்னார். முதல் நாளே பஞ்சால் தொட்டும் குண்டூசியால் லேசாகக் குத்தியும் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் பார்த்திருந்தார். நொச்சி வதங்குகிற வாசனை இப்போதும் எங்கே வந்தாலும் எனக்குத் தோள் இளகுகிற மாதிரி இருக்கும்.

வர்மம், அதாவது உடம்பில் குறிப்பிட்ட இடங்களை விரலால் அழுத்துவது, அதை மட்டும் டாக்டரே செய்வார், வாரத்தில் ஒரு நாள். அந்த இடங்கள் மொத்தம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று இரண்டு வகை என்று சொன்னார். எனக்குக் காறை எலும்பை ஒட்டின காக்கட்டைக் காலம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கவளிக் காலம் என்கிற வர்ம இடங்கள், இன்னும் இரண்டு இடம். எவ்வளவு அழுத்துவது என்பதற்கு அவர்கள் மாத்திரைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கால் மாத்திரை, அரை மாத்திரை என்று. விழுங்குகிற மாத்திரை இல்லை, அழுத்துகிற அளவுக்கு அப்படிப் பெயர். விரல் வைத்ததே தெரியாத அளவுக்குத்தான் அழுத்தினார். இதிலா வலி போகும் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் கை ஒரு விரற்கடை கூட மேலே போகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

கையை மேலே கொண்டுவந்ததில் பெரிய பங்கு பிசியோதெரபி தம்பிக்குத்தான். தோள் மூட்டைச் சுற்றி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கிறது, அது தடித்துச் சுருங்கிவிட்டது என்று அவர் படம் போட்டுக் காட்டினபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கிவிடும். மேல் துணி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கை தூக்க வராது. "அதேதான் அக்கா, லைனிங்கைத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடணும்" என்றார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுப் பெண்டுலம் மாதிரி ஆட்டுவது, துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பது, சுவரில் விரல்களால் நண்டு மாதிரி மேலே ஏறுவது. மூன்றும் ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தடவை.

சுவர் ஏறுவதற்கு நான் கடைச் சுவரையே எடுத்துக்கொண்டேன். ஏறி நின்ற இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. தரையிலிருந்து இஞ்சு டேப் வைத்து அளப்பேன். ஜனவரி 12ஆம் தேதி 49 இஞ்சு. பிப்ரவரி கடைசியில் 54. அதற்குப் பிறகு மூன்று வாரம் அதே 54, நகரவே இல்லை. ஏப்ரலில் 61. இடது கை 74 வரை போகும், அதற்கும் ஒரு கோடு மேலே போட்டு வைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அளவு கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "இன்னைக்கு எவ்வளவு அக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்த நகராத மூன்று வாரத்தில்தான் எலும்பு டாக்டர், மூட்டுக்குள் ஊசி போடலாமா என்று கேட்டார். ஸ்டீராய்டு ஊசி. போட்டால் வலி குறையும், ஆனால் சில நாள் சுகர் ஏறும், அதனால் சுகர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்றார். சித்தா டாக்டர் இதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அவர் என் முன்னாலேயே போனை எடுத்து எலும்பு டாக்டரிடம் பேசினார். பேசி முடித்துவிட்டு, "வலி உங்க தூக்கத்தைக் கெடுத்தா தாராளமா போட்டுக்கோங்க அக்கா. போட்டா சொல்லுங்க, கொஞ்ச நாள் தோள்ல நான் கை வைக்காம இருப்பேன்" என்றார். கடைசியில் எனக்கு ஊசி தேவைப்படவில்லை. என்னோடு வந்துகொண்டிருந்த சத்துணவு அமைப்பாளர் அம்மா போட்டுக்கொண்டார், அவருக்கு அது நல்ல பலன் கொடுத்தது.

எது எனக்குக் குணம் கொடுத்தது, தைலமா, வர்மமா, சுவர் ஏறினதா, சுகர் இறங்கினதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சித்தா டாக்டரே முதல் நாள் சொன்னார், இந்த நோய் பலருக்கு ஒன்று முதல் மூன்று வருஷத்தில் தானாகவே விட்டுவிடும், அதுவரை வலியைக் குறைத்துக் கை இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை என்று. அப்படிச் சொன்னதாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாப்பாட்டைப் பற்றி அவர் பேசினதையும் சொல்ல வேண்டும். பெரிய அட்டவணை எதுவும் கொடுக்கவில்லை. நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கருப்பட்டிக் காப்பி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். கருப்பட்டியும் சர்க்கரைதான், உடம்புக்குள் போனால் ரத்தத்தில் சுகர் ஏறத்தான் செய்யும், அதில் கொஞ்சம் இரும்பும் வேறு சத்தும் இருக்கிறது என்பதற்காக மூன்று டம்ளர் குடிக்க முடியாது என்றார். எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஒரு சித்தா டாக்டருக்குத் தைரியம் வேண்டும். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கிக் காய் கூட்டைக் கூட்டச் சொன்னார். சிறுதானியம் என்றாலும் அளவு உண்டு என்றார். தூக்கத்துக்கு, படுக்கும் முன் பத்து நிமிஷம் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார். ஜூலையில் மூன்று மாத சராசரி 7.0.

அந்தத் தனியார் மையத்துப் பொடியை ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாயில் வைக்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரிப்பு லைசென்ஸ் எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை, காலாவதித் தேதி இல்லை. சித்த மருந்தானாலும் ஆயுர்வேத மருந்தானாலும் இதெல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்றார். இப்படிப் பெயரில்லாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்கள் உண்டு, சுகர்காரர்களுக்கு அது இரட்டை ஆபத்து என்று சொல்லி, அதைத் தூக்கிப் போடச் சொன்னார். அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கொடுக்கலாமே என்று நானாகக் கேட்டேன், யூடியூபில் பார்த்திருந்தேன். எனக்குத் தைராய்டு ஒரு தடவை பார்க்காமல் தர மாட்டேன் என்றார். பார்த்ததில் லேசாக ஏறுமாறாக இருந்தது, கடைசி வரை தரவில்லை.

ஜூனில் சாரல் தொடங்கினதும் வலி கொஞ்சம் திரும்பியது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஐந்தருவியில் நின்றால் போய்விடும் என்றார்கள். தண்ணீர் தோளில் அடித்தால் மசாஜ் மாதிரி என்பார்கள். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றார். அந்த வேகத்தில் விழுகிற தண்ணீர் இறுகின தோளுக்கு அடிதான். வெந்நீரில் குளித்துவிட்டு உடற்பயிற்சியை இரண்டு வேளையாகக் குறைக்கச் சொன்னார், பத்து நாளில் சரியானது. குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போனோம், நான் கரையில் நின்று ஈரத்துணி பிழிந்தேன். அந்தத் துணியைப் பிழிய இரண்டு கையும் வந்தது.

இனி குறைகள். கட்டடத்துக்கு நான்கு படி ஏற வேண்டும், சாய்தளம் கிடையாது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டி வலிக்காரர்கள், கைப்பிடிக் கம்பிகூட இல்லாமல் அவர்கள் ஏறுகிறதைப் பார்க்க மனசு கேட்காது. மார்ச்சில் இரண்டு வாரம் தைலம் ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். பெண் தெரபிஸ்ட் ஒருவர்தான், அவர் லீவு என்றால் அன்றைக்குப் பெண்களுக்குச் சிகிச்சை இல்லை, அதைச் சொல்ல ஒரு போன்கூட வராது. இரண்டு தடவை கடையை மூடிவிட்டுப் போய்த் திரும்பி வந்தேன். என் நோட்டு தொலைந்தால் எல்லாம் தொலைந்தது, கம்ப்யூட்டரில் மூன்று அறைக்கும் சேர்த்து எதுவும் இல்லை. நான் ஒவ்வொரு பக்கத்தையும் மகள் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சித்தா சிகிச்சை வீட்டுக்கு வராது. ஆனால் 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும், எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு வருகிறது.

செலவு என்று பார்த்தால் சிகிச்சைக்கு ஒரு ரூபாய் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அந்த இரண்டு வாரத் தைலத்துக்கு மட்டும் கையிலிருந்து போட்டேன். போனது என்றால் வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. காலை எட்டு மணிக்கு முன்னால் சீட்டு எடுத்தால் பத்தரைக்குள் வெளியே வரலாம், ஒன்பதுக்கு மேல் போனால் மதியம் ஆகும்.

ஆகஸ்ட் 10ஆம் தேதி கோடு 72 இஞ்சில் நிற்கிறது. மேலே இரண்டு இஞ்சு பாக்கி. கம்பியில் ஜாக்கெட்டை வலது கையால் மாட்டுகிறேன்.

போகிறவர்களுக்கு ஒன்று. எண்ணெய்க் கறை போகாது, பழைய துணியே உடுத்திக்கொண்டு போங்கள். தோளைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டுப் பாதியில் நின்றுபோன இரண்டு பெண்களை நான் பார்த்தேன். அதனால் பழைய நூல் சேலைகளை வெட்டி, முன்பக்கம் கட்டுகிற மாதிரி, ஒரு தோள் மட்டும் திறக்கிற மாதிரி எட்டு மேலாடை தைத்துக் கொடுத்திருக்கிறேன். சிகிச்சை அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், இரண்டு அளவு இருக்கிறது. கேட்டு வாங்கி உடுத்திக்கொள்ளுங்கள், முடிந்ததும் மூலையில் இருக்கிற நீல வாளியில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை நான் வந்து எடுத்துத் துவைத்து வைப்பேன்.